வரிச்சலுகையும் பங்கு முதலீடும்: இந்தியச் சிறு முதலீட்டாளர் ஆலோசனை தேடிய வரலாறு

மாதச் சம்பளத்திலோ சிறு தொழில் வருமானத்திலோ மிஞ்சும் பணத்தைத் தன் சொந்தப் பெயரில் பங்கு, பரஸ்பர நிதி, வைப்பு நிதி போன்றவற்றில் போடுபவரைத் தனிநபர் முதலீட்டாளர் என்கிறோம். வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் இதற்கென்றே படித்தவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். தனிநபருக்கு அப்படி ஆள் கிடையாது. யாரையாவது அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். இந்தியாவில் அவர் யாரைக் கேட்டார், பதில் சொன்னவருக்குக் கூலி எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அவர் கேட்கும் கேள்விகள் இரண்டு. எந்தப் பங்கை வாங்கலாம் என்பது ஒன்று. வருமான வரியைச் சட்டப்படி குறைக்க எதில் போடலாம் என்பது மற்றொன்று. நம் நாட்டில் இரண்டாவது கேள்விதான் பல நடுத்தரக் குடும்பங்களை முதலீட்டுக்குள் இழுத்து வந்தது. பங்குச் சந்தையின் வாசலுக்குப் பலர் முதன்முதலில் வந்ததும் அந்தக் கேள்வியோடுதான்.

கணக்குக்குச் சலுகையா, திட்டத்துக்குச் சலுகையா

பிற நாடுகளோடு ஒப்பிட்டால் இந்திய வழியின் தனித்தன்மை விளங்கும். அமெரிக்காவில் 1974-இல் வந்த ஓய்வூதியச் சட்டம் தனிநபர் ஓய்வூதியக் கணக்கு என்ற ஒன்றை உருவாக்கியது. 1978-இல் வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 401 கே என்ற பிரிவிலிருந்து, தொழிலாளர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை வரி பிடிக்கும் முன்பே சேமிக்கும் ஏற்பாடு வளர்ந்தது. பிரிட்டனில் 1987-இல் ஒரு பங்கு முதலீட்டுக் கணக்கும், 1999-இல் அதன் இடத்தில் தனிநபர் சேமிப்புக் கணக்கும் வந்தன. இவற்றில் வரிச்சலுகை என்பது கணக்குக்கு உரியது. அது ஒரு பாத்திரம் போல. அதற்குள் பங்கை வைப்பதா, கடன் பத்திரத்தை வைப்பதா என்பதைப் பெரும்பாலும் கணக்கு வைத்திருப்பவரே முடிவு செய்வார்.

இந்தியாவில் சலுகை பெரும்பாலும் குறிப்பிட்ட திட்டங்களுக்குத் தரப்பட்டது. ஆயுள் காப்பீட்டு பாலிசி, தேசிய சேமிப்புப் பத்திரம், வருங்கால வைப்பு நிதி, பிற்காலத்தில் பங்குசார் சேமிப்புத் திட்டம் என்று ஒரு பட்டியல் இருந்தது. பட்டியலில் உள்ள எதை வாங்கினாலும் வரி குறையும். ஆகவே ‘என் குடும்பத்துக்கு எது பொருந்தும்?’ என்று தொடங்க வேண்டிய கேள்வி, ‘பட்டியலில் எதை வாங்குவது?’ என்று சுருங்கிவிட்டது. அதற்கு விடை சொல்ல ஓடி வந்தவர் அதை விற்பவர். பின்னால் நடந்த பல குளறுபடிகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆலமரத்தடியும் அஞ்சலகமும்

பம்பாய் டவுன் ஹாலுக்கு எதிரே ஆலமரத்தடியில் தரகர்கள் கூடிப் பங்குகளைக் கைமாற்றியது 1850-களில். 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் பிரிட்டிஷ் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வரத்து நின்றது. இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. பம்பாயில் பணம் பெருகியது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளின் பங்குகளைக்கூட மக்கள் முண்டியடித்து வாங்கினார்கள். 1865-இல் போர் முடிந்ததும் எல்லாம் சரிந்தது. அந்தத் தரகர்கள் 1875-இல் அமைத்த சங்கமே இன்றைய மும்பைப் பங்குச் சந்தையின் தொடக்கம். அக்காலத்தில் ஆலோசனை என்று தனியாக எதுவும் கிடையாது. தரகர் சொன்னதுதான் ஆலோசனை.

சென்னை மாகாணத்துச் சேமிப்பாளருக்கு வந்த அடி வேறு விதமானது. அர்பத்நாட் கம்பெனி என்ற பெயர்பெற்ற வணிக நிறுவனம் பொதுமக்களிடம் வைப்புத் தொகை வாங்கி வந்தது. 1906 அக்டோபரில் அது திவாலானது. ஓய்வுபெற்ற அலுவலர்கள், விதவைகள், கோயில் அறநிலையங்கள் என்று பலரின் பணம் அதில் போயிற்று. அந்தக் கொந்தளிப்பில் பிறந்ததுதான் 1907-இல் தொடங்கிய இந்தியன் வங்கி. மெட்ராஸ் பங்குச் சந்தை 1920-இல் தொடங்கி, சில ஆண்டுகளில் சோர்ந்து, 1937-இல் மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் சாதாரணக் குடும்பங்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. 1882 முதல் இயங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கியும், நிலமும் நகையும் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன.

வருமான வரிச் சலுகை இதற்குள் ஒரு சிறு கதவைத் திறந்திருந்தது. 1922-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்திலேயே ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்குச் சலுகை உண்டு. 1956 செப்டம்பர் 1 அன்று, அப்போது இயங்கி வந்த 245 காப்பீட்டு நிறுவனங்களும் சங்கங்களும் அரசுடைமையாகி ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஆயின. அதன் முகவர் ஊர் ஊராகப் போனார். பெரும்பாலும் அவர் உறவினராகவோ, பக்கத்துத் தெருக்காரராகவோ, சில சமயம் ஆசிரியரின் மனைவியாகவோ இருப்பார். இரண்டு தலைமுறைக்கு நம் குடும்பங்களின் நிதி ஆலோசகர் அவர்தான். பிரீமியம் கட்ட மறந்தால் நினைவூட்டி, இறப்புக் கோரிக்கைப் படிவத்தை நிரப்பித் தந்து உதவிய முகவர்கள் எத்தனையோ பேர். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவருடைய வருமானம் கமிஷனிலிருந்து வந்தது. முதலாண்டுப் பிரீமியத்தில் 35 விழுக்காடு வரை கமிஷன் தரலாம் என்று காப்பீட்டுச் சட்டம் உச்சவரம்பு வைத்திருந்தது. காப்பீட்டையும் சேமிப்பையும் கலந்த எண்டோமென்ட் பாலிசியில் பிரீமியம் அதிகம், ஆகவே கமிஷனும் அதிகம். இறப்புக்கு மட்டும் ஈடு தரும் டேர்ம் பாலிசியில் பிரீமியமே குறைவு. எது அதிகம் பேசப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

யூனிட் டிரஸ்ட்டும் பிபிஎஃப்பும்

1960-களில் அரசு இரண்டு முக்கியமான ஏற்பாடுகளைச் செய்தது. முதலாவது, தமிழ்நாட்டைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது தொடங்கிய யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா. 1963-இல் சட்டம் நிறைவேறி, 1964-இல் நிறுவனம் செயல்படத் தொடங்கி, அதே ஆண்டு ‘யூனிட் ஸ்கீம் 1964’ விற்பனைக்கு வந்தது. ஒரு யூனிட்டின் முகமதிப்பு 10 ரூபாய். பங்குகளைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவர் யூனிட் வாங்கினால் போதும், தேர்வை நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்பது எண்ணம்.

இரண்டாவது, 1968-இல் வந்த பொது வருங்கால வைப்பு நிதி. எல்லோரும் பிபிஎஃப் என்றே சொல்வார்கள். அதுவரை வருங்கால வைப்பு நிதி என்பது வேலையில் இருப்பவருக்கு உரியது. கடைக்காரர், வக்கீல், மருத்துவர் போன்றவர்களுக்கும் அப்படியொன்று வேண்டும் என்பதற்காக இது வந்தது. பதினைந்து ஆண்டுக் காலம். போடும் பணத்துக்குச் சலுகை. வட்டிக்கு வரி இல்லை. முதிர்வில் வரி இல்லை. கடன் கொடுத்தவர் வழக்கில் வென்றாலும் அந்தக் கணக்கிலுள்ள பணத்தை நீதிமன்றத்தின் வழியாக ஜப்தி செய்ய முடியாது என்ற பாதுகாப்பும் உண்டு. 1986 ஏப்ரல் முதல் 2000 ஜனவரி வரை அதற்கு 12 விழுக்காடு வட்டி கிடைத்தது என்றால் இன்றைய மாணவர்கள் நம்ப மாட்டார்கள். 2020 ஏப்ரலில் அது 7.1 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

மேலே சொன்ன பாத்திர உவமைப்படி பார்த்தால் பிபிஎஃப் ஒரு கணக்குதான். ஆனால் அதற்குள் அரசுக் கடனைத் தவிர வேறு எதையும் வைக்க முடியாது. பங்கு வேண்டும் என்பவர் வெளியேதான் தேட வேண்டும்.

பங்கு ஆசை பரவிய காலம்

1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றின் பங்குரிமையை 40 விழுக்காட்டுக்குக் குறைக்கச் சொன்னது. அவை தம் பங்குகளை இந்தியப் பொதுமக்களுக்கு விற்றன. விலையை அரசு நிர்ணயித்ததால் மலிவாகக் கிடைத்தது. 1977-இல் ரிலையன்ஸ் நிறுவனமும் பொதுமக்களிடம் பங்கு வெளியிட்டது. சம்பளக்காரர்கள் விண்ணப்பப் படிவங்களை வாங்கி நிரப்பி வரிசையில் நிற்கத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். விண்ணப்பப் படிவம் கொடுக்கும் துணைத் தரகர், ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கம், அலுவலகத்தில் ‘விவரம் தெரிந்த’ ஒருவர் என்று ஆலோசனைக்கு இடங்கள் பெருகின. இவர்களில் எவருக்கும் உரிமமும் கிடையாது, பொறுப்பும் கிடையாது.

செபி 1988 ஏப்ரலில் அமைக்கப்பட்டாலும் அதற்குச் சட்ட அதிகாரம் கிடைத்தது 1992 ஜனவரியில். அதே ஆண்டு ஏப்ரலில் ஹர்ஷத் மேத்தா ஊழலைப் பத்திரிகையாளர் சுசேதா தலால் வெளிக்கொணர்ந்தார். வங்கிகளின் பணம் முறைகேடான ரசீதுகள் வழியாகப் பங்குச் சந்தைக்குள் வந்திருந்தது. சுமார் 200 ரூபாயில் இருந்த ஏசிசி சிமெண்ட் பங்கு 9,000 ரூபாய் வரை ஏற்றப்பட்டது. ‘அவர் வாங்குகிறார், நாமும் வாங்குவோம்’ என்பதுதான் அன்றைய பெரும் ஆலோசனை. பின்னர் 1990-களின் நடுவில் புதுப்புதுக் கம்பெனிகள் பணம் திரட்டிவிட்டு முகவரியே இல்லாமல் போயின. அரசே அவற்றைக் ‘காணாமற்போன கம்பெனிகள்’ என்று பட்டியலிட வேண்டியதாயிற்று. தேக்குக் கன்று நட்டுப் பல மடங்கு தருவதாகச் சொன்ன திட்டங்களும் அதே காலத்தவை. தமிழ்நாட்டில் அவற்றால் ஏமாந்தவர்கள் ஏராளம்.

பங்கு வேண்டாம், யூனிட் போதும் என்று ஒதுங்கியவரையும் காலம் விடவில்லை. யூனிட் ஸ்கீம் 1964-இன் விற்பனை விலையையும் திரும்ப வாங்கும் விலையையும் யூனிட் டிரஸ்ட்டே அறிவித்து வந்தது. அந்த விலைக்கும், உள்ளே இருந்த பங்குகளின் உண்மை மதிப்புக்கும் இடைவெளி வளர்ந்துகொண்டே போயிற்று. 2001 ஜூலை 2 அன்று விற்பதையும் திரும்ப வாங்குவதையும் ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைப்பதாக அறிவித்தார்கள். பணி ஓய்வுத் தொகையை அதில் போட்டிருந்தவர்களுக்கு அது பேரிடி. அடுத்த ஜனவரியில் உண்மை மதிப்பின்படி கணக்கிட்டபோது 10 ரூபாய் யூனிட் 6 ரூபாயைச் சுற்றியே நின்றது. முடிவில் அரசு தலையிட்டு முகமதிப்புக்குக் குறையாமல் ஈடு கட்டியது; யூனிட் டிரஸ்ட் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஆனால் ‘அரசு சார்ந்தது, கண்ணை மூடிக்கொண்டு போடலாம்’ என்ற அறிவுரைக்கு அன்றோடு மதிப்புக் குறைந்தது.

பிப்ரவரி மாதப் படிவம்

அரசுப் பள்ளி ஆசிரியர் அறையில் பிப்ரவரி மாதத்தைக் கழித்தவர்களுக்கு வருமான வரிக் கணக்கீட்டுப் படிவம் நினைவிருக்கும். அதை ஒப்படைக்காவிட்டால் சம்பளப் பட்டியல் நகராது. ஆண்டு முழுவதும் முதலீட்டைப் பற்றி நினைக்காதவரும் அந்த இரண்டு வாரங்களில் ஏதாவது ஒரு ரசீதைத் தேடி ஓடுவார். விற்பவர்களுக்கும் அது தெரியும். மதிய இடைவேளையில் கையில் படிவத்தோடு வந்து நிற்பார்கள். இருபது ஆண்டுகள் பிரீமியம் கட்ட வேண்டிய பாலிசியில் இருபது நிமிடத்தில் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் படிவத்துக்குப் பின்னாலிருந்த சட்டம் சிலமுறை மாறியது. 1990 வரை சலுகை, வருமானத்திலிருந்து கழிவாகக் கிடைத்தது. பின்னர் வந்த 88-ஆம் பிரிவு, சேமித்த தொகையில் 20 விழுக்காட்டை வரியிலிருந்தே தள்ளுபடி செய்தது. பங்குசார் சேமிப்புத் திட்டங்கள் 1990-களின் தொடக்கத்தில் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. மூன்றாண்டுகள் பணத்தை எடுக்க முடியாது. நிதியின் பெரும்பகுதி பங்குகளில் போகும். ஆனால் 88-ஆம் பிரிவில் இதற்கு 10,000 ரூபாய் வரைதான் சலுகை. இதே காலத்தில்தான், 1993-இல், இந்தியாவின் முதல் தனியார் பரஸ்பர நிதி நிறுவனமான கோத்தாரி பயனியர் சென்னையிலிருந்து இயங்கத் தொடங்கியது.

2005-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் ப. சிதம்பரம் 88-ஆம் பிரிவை நீக்கி 80சி பிரிவைக் கொண்டு வந்தார். மொத்தம் 1 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள எதில் வேண்டுமானாலும் போடலாம். பங்குசார் திட்டத்துக்கு இருந்த 10,000 ரூபாய்த் தடை போயிற்று. 2014-இல் மொத்த வரம்பு 1.5 லட்சமானது. தேர்வுச் சுதந்திரம் கிடைத்தது. ஆனால் அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தத் துணை நிற்கும் நடுநிலையான ஆலோசகர் யாரும் அப்போது இல்லை.

கமிஷன் பேசிய ஆண்டுகள்

அந்த வெற்றிடத்தை நிரப்பியது யூலிப் எனப்படும் பங்குச் சந்தை சார்ந்த காப்பீட்டுத் திட்டம். காப்பீடும் உண்டு, பங்கு முதலீடும் உண்டு, 80சி சலுகையும் உண்டு. பங்குச் சந்தை ஏறிக்கொண்டிருந்த 2004 முதல் 2008 வரையிலான ஆண்டுகளில் வங்கிக் கிளைகளிலும் வீடுகளிலும் இது கொட்டி விற்கப்பட்டது. முதலாண்டுப் பிரீமியத்தில் 20, 30 விழுக்காடு கட்டணமாகவே போன பாலிசிகள் இருந்தன. 50,000 ரூபாய் கட்டினால் 15,000 ரூபாய் முதலீட்டுக்கே போகாது என்று பொருள். அதே 50,000 ரூபாயைப் பரஸ்பர நிதியில் போட்டிருந்தால் நுழைவுக் கட்டணம் 2.25 விழுக்காடு, அதாவது 1,125 ரூபாய். இந்தக் கணக்கை வாங்குபவர் போட்டுப் பார்க்கவில்லை. போட்டுக் காட்டுவது விற்பவரின் வேலையும் அல்ல.

2009 ஆகஸ்ட் 1 முதல் செபி பரஸ்பர நிதிகளின் நுழைவுக் கட்டணத்தை ஒழித்தது. நோக்கம் நல்லது. ஆனால் காப்பீட்டுக்கு அந்தத் தடை பொருந்தாது என்பதால் முகவர்கள் யூலிப் பக்கம் இன்னும் சாய்ந்தார்கள். 2010 ஏப்ரலில் செபி 14 காப்பீட்டு நிறுவனங்களைத் தன் அனுமதியின்றி யூலிப் விற்கக் கூடாது என்றது. காப்பீட்டு ஆணையமோ அந்த உத்தரவைப் பொருட்படுத்த வேண்டாம் என்றது. இரண்டு அரசு அமைப்புகள் நடுத்தெருவில் சண்டை போட்டது போலிருந்தது. ஜூனில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்து யூலிப்பைக் காப்பீட்டு ஆணையத்திடமே விட்டது. ஆணையமும் செப்டம்பர் முதல் கட்டணங்களுக்கு வரம்பு கட்டி, பணத்தை எடுக்க முடியாத காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக்கியது.

அதற்கு முந்தைய ஆண்டே, ஓய்வூதிய ஆணையத் தலைவர் டி. ஸ்வரூப் தலைமையிலான குழு, சில்லறை நிதித் திட்டங்கள் எல்லாவற்றிலும் விற்பவர் தரும் கமிஷனை ஒழித்து, ஆலோசனைக்கு வாடிக்கையாளரே நேரடியாகக் கட்டணம் கொடுக்கும் முறை வர வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. காப்பீட்டில் அது நடக்கவில்லை.

இந்தக் காலத்தைப் பற்றி இரண்டு ஆய்வுகள் படிக்கத்தக்கவை. மோனிகா ஹாலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் ஆகியோர், 2004-05 முதல் 2011-12 வரை ஆயுள் காப்பீட்டைத் தவறாக விற்றதால் மக்கள் இழந்தது சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். சந்தோஷ் அனகோல், ஷான் கோல், ஷயக் சர்க்கார் ஆகியோர் வாடிக்கையாளர் போல் ஆட்களை அனுப்பி முகவர்களின் ஆலோசனையைச் சோதித்தார்கள். பெரும்பாலான முகவர்கள் அதிகக் கமிஷன் தரும், பொருந்தாத திட்டங்களையே பரிந்துரைத்தார்கள். வந்தவர் தவறான எண்ணத்தோடு வந்தால் அதைத் திருத்தாமல் ஒத்துப் பாடினார்கள். ஒரு வகைத் திட்டத்தில் மட்டும் கமிஷனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விதி வந்தபோது, முகவர்கள் அதை விட்டு, அவ்வாறு சொல்லத் தேவையில்லாத, கமிஷன் அதிகமுள்ள வேறு திட்டத்துக்குத் தாவினார்கள். இதை முகவர்களின் குணக்கேடு என்று சொல்லிவிட முடியாது. கூலி எங்கிருந்து வருகிறதோ அங்கே வாய் சாய்வது இயல்பு.

கமிஷன் இல்லாத திட்டத்துக்கு என்ன நேர்ந்தது என்பதற்கும் சான்று இருக்கிறது. மத்திய அரசு ஊழியருக்காக 2004-இல் தொடங்கிய தேசிய ஓய்வூதியத் திட்டம் 2009 மே 1 முதல் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. பங்கு, கடன் பத்திரம் என்று விகிதத்தை உறுப்பினரே தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்கப் பாத்திரத்துக்கு மிக அருகில் வந்த இந்தியக் கணக்கு இதுதான். நிதி மேலாண்மைக் கட்டணம் அப்போது 0.0009 விழுக்காடு. ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. விற்பவருக்குச் சொல்லத்தக்க வருமானம் இல்லாததால் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. 2015 பட்ஜெட்டில் 80சி வரம்புக்கு மேல் கூடுதலாக 50,000 ரூபாய்க் கழிவு தந்த பிறகே சம்பளக்காரர்கள் அதைக் கவனிக்கத் தொடங்கினார்கள். பிபிஎஃப் கணக்குக்கு ஆள் சேர்த்த முகவருக்குக் கிடைத்து வந்த 1 விழுக்காடு கமிஷனும் 2011 டிசம்பரோடு நின்றது. ஐம்பதாண்டுப் பழக்கத்தால் பிபிஎஃப் மட்டும் விளம்பரமின்றியே நிலைத்தது.

நேரடியாகப் பங்கு வாங்குவோருக்கு வரிச்சலுகை தரும் முயற்சியும் ஒன்று உண்டு. 2012-இல் அறிவிக்கப்பட்ட ராஜீவ் காந்தி பங்குச் சேமிப்புத் திட்டத்தில், முதன்முறை முதலீட்டாளர் 50,000 ரூபாய் வரை குறிப்பிட்ட பங்குகளில் போட்டால் அதில் பாதிக்குக் கழிவு. ஆனால் ஆண்டு வருமானம் 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் (பிறகு 12 லட்சம்), முன்பு பங்கு வாங்கியிருக்கக் கூடாது, தனி உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும், மூன்றாண்டுக்குள் விற்க வேறு வேறு விதிகள் என்று நிபந்தனை மேல் நிபந்தனை. புதியவருக்கான திட்டம் புதியவருக்குப் புரியவில்லை. 2017 பட்ஜெட்டில் அதை முடித்துவிட்டார்கள்.

கட்டணம் வாங்கும் ஆலோசகர்

2013 இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். ஜனவரி 1 முதல் ஒவ்வொரு பரஸ்பர நிதித் திட்டத்திலும் கமிஷன் கலக்காத ‘நேரடி’ வகை இருக்க வேண்டும் என்று செபி கட்டளையிட்டது. அதே மாதம் முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளையும் அறிவித்தது. பணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளரின் நலனுக்கே முதலிடம் தர வேண்டும். அமெரிக்கா இதுபோன்ற சட்டத்தை 1940-லேயே இயற்றிவிட்டது. 2020-இல் விதிகள் இறுகின. ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனையும் சொல்லி, கமிஷனுக்குத் திட்டமும் விற்கும் வழி அடைபட்டது.

ஆனால் பதிவு பெற்ற ஆலோசகர்களின் எண்ணிக்கை நாடு முழுவதும் ஆயிரத்தைச் சுற்றியே நின்றுவிட்டது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் முகவர்கள் மட்டும் 13 லட்சத்துக்கும் அதிகம். முதுகலைப் பட்டம், தேர்வுகள், தணிக்கை என்று செபி கேட்டவை பலரைத் தயங்க வைத்தன. 2024 இறுதியில் பட்டப்படிப்பே போதும் என்று தளர்த்தினார்கள். மக்கள் பக்கமும் தயக்கம் உண்டு. டாக்டருக்கும் வக்கீலுக்கும் ஃபீஸ் கொடுப்பவர், பணத்தைப் பற்றிப் பேச 5,000 ரூபாய் என்றால் எழுந்து போய்விடுகிறார். முகவரிடம் கொடுப்பது கண்ணுக்குத் தெரியாததால் அது இலவசம் என்றே தோன்றுகிறது.

கைப்பேசிக் காலம்

2020-இல் கொரோனா முடக்கத்தோடு நிலைமை தலைகீழானது. வீட்டிலிருந்தபடியே சில நிமிடங்களில் டீமேட் கணக்கு திறக்கலாம் என்றானது. சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் 2022 ஆகஸ்டில் 10 கோடியையும், 2024 மார்ச்சில் 15 கோடியையும் கடந்தன. கேள்வி கேட்பவர்கள் இத்தனை பேர், பதிவு பெற்ற ஆலோசகர்கள் ஆயிரம் பேர். நடுவிலிருந்த இடைவெளியை யூடியூப் காணொளிகளும் டெலிகிராம் குழுக்களும் நிரப்பின. அவற்றில் தமிழில் தெளிவாகக் கற்றுத் தருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பலருக்கு வருமானம் தரகு நிறுவனத்திடமிருந்தோ பயிற்சி வகுப்புக் கட்டணத்திலிருந்தோ வருகிறது. உடை மாறியதே தவிர, பழைய கமிஷன்தான்.

இதன் விலை செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குசார் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அதற்குச் சற்று முன்னர், 2024 ஆகஸ்டில், பதிவு பெற்ற தரகர்களும் நிதி நிறுவனங்களும் பதிவில்லாத ஆலோசகர்களோடு எந்தத் தொடர்பும் வைக்கக் கூடாது என்று விதி வந்தது. 2025 ஜனவரியில், பங்குச் சந்தைக் கல்வி என்ற பெயரில் பாடம் நடத்துபவர் கடைசி மூன்று மாத விலைகளைப் பயன்படுத்தக் கூடாது என்றும் விளக்கினார்கள்.

வரிப் பக்கமும் அமைதியாக மாறிவிட்டது. 2020-இல் அறிமுகமான புதிய வரி முறையில் வரி விகிதம் குறைவு, ஆனால் 80சி கழிவு கிடையாது. 2023-24 முதல் அதுவே இயல்பான முறை; பழையது வேண்டுமென்றால் கேட்டுப் பெற வேண்டும். 2025 பட்ஜெட்டுக்குப் பின், புதிய முறையில் 12 லட்சம் வரை சாதாரண வருமானம் உள்ளவருக்கு வரியே வராது. அத்தகையவரிடம் ‘வரி மிச்சமாகும்’ என்று சொல்லி எதையும் விற்க முடியாது. பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் இலாபத்துக்கு 2004 முதல் இருந்த விலக்கும் 2018 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. 2024 ஜூலை முதல், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட இலாபத்துக்கு 12.5 விழுக்காடு வரி.

இன்று ஆலோசனை கேட்பவர் ஒன்றைச் சரிபார்க்கலாம். செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரின் பதிவு எண் ‘ஐஎன்ஏ’ என்ற எழுத்துகளோடும், பங்கு ஆய்வாளரின் எண் ‘ஐஎன்எச்’ என்ற எழுத்துகளோடும் தொடங்கும். செபியின் இணையதளத்தில் அந்த எண்ணையோ பெயரையோ தட்டிப் பார்த்தால் பதிவு நடப்பில் உள்ளதா என்பது தெரியும். பரஸ்பர நிதி விற்பவரும் காப்பீட்டு முகவரும் இந்த இரண்டு பட்டியலிலும் வர மாட்டார்கள். அவர்களுக்குரிய பதிவுகள் வேறு.